திருச்சியில் மழையா?

நவராத்திரி முதல் நாள் சாயங்காலம் விச்சுவின் வீட்டுக்குச் சுண்டல் பார்சலில் வந்தது.

ஒரு பிளாஸ்டிக் பையில் கொண்டைக்கடலைச் சுண்டல். இன்னொன்றில் வெற்றிலை, பாக்கு, மஞ்சள், எந்தத் தலைக்கும் உதவாத ஒரு சீப்பு, கிளிப்பச்சையில் ஒரு ரவிக்கைத் துணி. கொண்டுவந்தவர் முதல் மாடி சந்தானம் மாமா. பெல் அடித்தார். வாசற்படிக்கு இந்தப் பக்கம் கால் வைக்காமல் கையை மட்டும் நீட்டினார். "மாமி குடுத்துட்டு வரச் சொன்னா. அம்மா நன்னா ரெஸ்ட் எடுத்துக்கட்டும், என்ன?" என்று சொல்லிவிட்டு, லிஃப்டே இல்லாத அந்தக் கட்டடத்தில் லிஃப்ட் கிளம்பிவிடப் போவதுபோல ஓடினார்.

இரண்டாயிரத்து ஒன்று, அக்டோபர். அமெரிக்காவில் யாரோ விஷப் பொடியை உறையில் போட்டு அனுப்புகிறார்கள் என்று டிவியில் சொல்லிச் சொல்லி, புனேக்குப் பக்கத்துச் சிஞ்ச்வடில் எல்.ஐ.சி. கடிதத்தைக்கூட மூக்கைப் பொத்திக்கொண்டு பிரித்த சமயம். விச்சு சுண்டல் பையை விளக்கு வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தான்.

"பொடி இல்லைம்மா. தேங்காய்த் துருவல்தான்."

அவன் அம்மா ஆனந்தவல்லி சிரிக்கவில்லை. ரவிக்கைத் துணியை எடுத்து மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள். "கூப்பிட வரலையா?" என்று மட்டும் கேட்டாள்.

நியாயமான கேள்வி. நவராத்திரியில் சுண்டல் நம்மைத் தேடி வராது, நாம்தான் சுண்டலைத் தேடிப் போகவேண்டும். வீட்டுக்காரி குங்குமச் சிமிழோடு வாசலுக்கு வந்து அழைப்பாள். பட்டுப் புடவை கட்டிக்கொண்டு போய், அவள் கொலுவைப் பார்த்து, போன வருஷத்தைவிடப் பிரமாதம் என்று பொய் சொல்லி, உட்கார்ந்து ஒரு பாட்டுப் பாடி, தாம்பூலத்தை வாங்கிக்கொண்டு வரவேண்டும். சாயிகிருபா சொசைட்டி என்ற அந்தக் குடியிருப்பின் தமிழ்க் குடும்பங்கள் எல்லாம் ஒரே மோட்டார் உதிரிபாகக் கம்பெனியின் சம்பளத்தில் வாழ்பவை. ஒன்பது நாளும் இந்தப் போக்குவரத்து அங்கே ஓயாது. அதில் ஆனந்தவல்லிக்கென்று ஓர் இடம் இருந்தது. அவள் வந்து பாடினால்தான் அந்த வீட்டுக் கொலு களை கட்டியதாகக் கணக்கு. வேறு யாராவது பாடினால், பாடி முடித்ததும் எல்லோரும் சேர்ந்து ஆனந்தவல்லியைப் பார்ப்பார்கள், மருந்து குடித்த குழந்தை சர்க்கரையைப் பார்ப்பதுபோல.

இந்த வருஷம் அவளை யாரும் கூப்பிடவில்லை. ஆனால் யாரும் அவளை மறக்கவும் இல்லை. இரண்டாம் நாள் பட்டாணி வந்தது, அடுத்து பயறு. எல்லாம் பார்சல். எல்லோரும் படு அன்பாக, "ரெஸ்ட் எடுத்துக்கட்டும்" என்று சொல்லி, கையை மட்டும் நீட்டிக் கொடுத்துவிட்டு ஓடினார்கள். வந்த நீல ரவிக்கைத் துணி ஒன்றை அம்மா அடையாளம் கண்டுகொண்டாள். இரண்டு வருஷத்துக்கு முன்னால் அவளே யாருக்கோ வைத்துக் கொடுத்தது. சொசைட்டி முழுக்கச் சுற்றி வந்திருந்தது.

"இதுகூட நாலு ஆத்துக்குப் போயிட்டு வந்திருக்கு" என்றாள்.

எல்லோரும் இப்படி ஓய்வு கொடுக்கத் துடித்ததற்குக் காரணம் திருச்சி.

ஊரறிந்தபடி ஆனந்தவல்லி ஜூலையிலும் ஆகஸ்டிலும் திருச்சியில் இருந்தாள். தங்கைக்கு உடம்பு சரியில்லை, ஒத்தாசைக்குப் போனாள். உண்மையில் அவள் இருந்தது புனேயில், ஜன்னலுக்கு இரட்டைக் கம்பி போட்ட ஆஸ்பத்திரி அறை ஒன்றில். திருச்சியைக் கண்டுபிடித்தவர் விச்சுவின் அப்பா கோவிந்தராஜன். அவள் திரும்பி வந்த அன்று, அந்த ஊர் வெயில் மழை நிலவரத்தைப் பேப்பரில் வட்டம் போட்டு அவள் கையில் கொடுத்தவரும் அவர்தான். வீண் போகவில்லை. மாடிப்படியில் எதிர்ப்பட்ட ஒவ்வொருவரும், "திருச்சியில மழையா மாமி?" என்று கேட்டார்கள். "லேசாத் தூறித்து" என்று அம்மா சொன்னாள். அவள் சொல்வது பொய் என்று கேட்டவர்களுக்குத் தெரியும். அவர்களுக்குத் தெரியும் என்று அவளுக்கும் தெரியும். சொசைட்டியில் எல்லோரும் ஒற்றுமையாகச் செய்த ஒரே காரியம் அதுதான். பம்ப் ரிப்பேருக்குக்கூட அப்படி ஓர் ஒற்றுமை வந்ததில்லை.

தெரியாமல் எப்படி இருக்கும்? ஜூலையில் பல நாளாக அம்மா தூங்கவில்லை. பேச்சு பேச்சை முந்திக்கொண்டு ஓடியது. பட்டுப் புடவைகளை எடுத்துத் தானம் செய்தாள். மாம்பழக் கலர் காஞ்சிபுரத்தைக் கட்டிக்கொண்டு காய்கறிக்காரி மங்கல்பாய் கத்தரிக்காய் விற்றாள். அது பாட்டுக்குப் போயிருக்கும். ஆனால் ஒருநாள் காலை, கம்பெனி பஸ் கேட்டில் நின்று ஆள் ஏற்றிக்கொண்டிருந்தபோது, கேட்டுக்குப் பக்கத்தில் ஆள் உயரத்துக்கு இருந்த தண்ணீர்த் தொட்டியின் மேல் அம்மா ஏறி நின்று பாட ஆரம்பித்தாள். சுருதி துளியும் விலகாமல் பாடினாள், அதுதான் கொடுமை. ஒரு பாட்டு முடிந்து அடுத்தது, அது முடிவதற்குள் இன்னொன்று. பஸ் ஜன்னல் ஒவ்வொன்றிலும் ஒரு முகம். விச்சு பனியனோடு ஓடிவந்து, தொட்டி மேல் ஏறி, அவள் கையைப் பிடித்தான். அவள் நிறுத்தினாள். இறங்கி வந்தாள்.

அப்பா பஸ்ஸில் இருந்தார். அதைப் பிறகு பார்ப்போம்.

ஆஸ்பத்திரியிலிருந்து கிளம்பும்போது டாக்டரிடம் அம்மா ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். "பாடலாமா?" அவர் ஆச்சரியமாகப் பார்த்து, "மாத்திரையை விடாதீங்க. மத்தபடி எல்லாம் செய்யலாம். பாட்டு நல்லது" என்றார். அப்பா அப்போது அந்த அறையின் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார். வீட்டுக்கு வந்தபின் அடுப்படியில் அம்மா ஒரு வரி முணுமுணுத்தால் போதும், கூடத்தில் டிவியின் சத்தம் உயரும். சில நாளில் முணுமுணுப்பு நின்றுவிட்டது. டிவி மட்டும் அதே உயரத்தில் நின்றது.

வெள்ளிக்கிழமை அபயாம்பாள் மாமி வீட்டில் பாட்டு. மாமி சந்தானம் மாமாவின் மனைவி, சொசைட்டியிலேயே பெரிய கொலு அவளுடையது. தெப்பக்குளம், செட்டியார், கிரிக்கெட் டீம், ஒரு மிலிட்டரி டாங்க் எல்லாம் உண்டு. வெள்ளிக்கிழமைக்கு நிச்சயம் கூப்பிடுவாள் என்று அம்மா நம்பினாள். காலையிலேயே தலைக்குக் குளித்தாள். மிச்சமிருந்த ஒரே பட்டுப் புடவையை எடுத்துக் கட்டில்மேல் வைத்தாள்.

சாயங்காலம் விச்சு காலேஜிலிருந்து வந்தான். பக்கத்து மைதானத்தில் தாண்டியா ஆட்டத்துக்கு ஸ்பீக்கர் கட்டி, "ஹலோ, மைக் டெஸ்டிங்" என்று ஒருவன் உயிரை வாங்கிக்கொண்டிருந்தான். அதையும் மீறி, முதல் மாடிப் படி திரும்பும்போது விச்சுவுக்கு அம்மாவின் குரல் கேட்டது.

அம்மா பாடிக்கொண்டிருந்தாள். மாமி வீட்டுக்குள்ளிருந்து, முழுக் குரலில், அம்பாளை அதட்டி அழைக்கும் அந்தப் பல்லவி. விச்சு படியில் அப்படியே நின்றான். கூப்பிட்டுவிட்டார்கள். இத்தனை நாளாக மனசுக்குள் இவர்களைத் திட்டியதற்கெல்லாம் சேர்த்து மானசீகமாக ஒரு மன்னிப்புக் கேட்டான். திறந்திருந்த கதவுக்குள் சிரித்த முகத்தோடு எட்டிப் பார்த்தான்.

ஜமக்காளத்தில் மாமிகள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். எல்லோரும் தலையை ஆட்டிக்கொண்டிருந்தார்கள். நடுவில், அம்மா எப்போதும் உட்காரும் இடத்தில், ஒரு மணைமேல் டேப் ரெக்கார்டர் இருந்தது.

பாட்டின் நடுவே பிரஷர் குக்கர் விசில் அடித்தது. "ஸ்டவ்வை அணைங்கோன்னா!" என்று டேப்புக்குள்ளிருந்து அபயாம்பாள் மாமியின் குரல் கத்தியது. போன வருஷத்துக் குக்கர், போன வருஷத்து மாமி, போன வருஷத்து அம்மா. மணைக்கு ஒரு கோலம்கூடப் போட்டிருந்தார்கள்.

"வாடா விச்சு" என்றாள் மாமி. "அம்மா குரலைக் கேட்டியோ? என்ன சாரீரம்! அவ பாடாம எங்காத்துக் கொலு நடந்ததே இல்லை, பார்த்துக்கோ."

"அம்மா மேல் மாடியிலதான் இருக்கா மாமி. இருபது படி. டேப் ரெக்கார்டரைவிட வெயிட் கம்மி, அவளே நடந்து வருவா."

ஜமக்காளத்தில் தலையாட்டல் நின்றது. பாட்டு மட்டும் நிற்கவில்லை.

மாமி எழுந்து வந்து, குரலை இறக்கினாள். "என்மேல பாயாதேடா கொழந்தே. உங்கப்பாதான் நவராத்திரிக்கு முன்னாடி ஒவ்வொரு ஆத்துக்கும் வந்து சொல்லிட்டுப் போனார். கூப்பிட வேண்டாம், சிரமப்படுத்த வேண்டாம், பிரசாதத்தைக் குடுத்து அனுப்பிடுங்கோன்னு. அவர் அப்படிக் கெஞ்சறச்சே நாங்க என்ன பண்ணறது? எங்களுக்கு மட்டும் ஆசை இல்லையா?"

"ஆசை இருந்ததால மணை போட்டேளாக்கும்."

"கோவிச்சுக்காதே. இரு, சுண்டல் கட்டித் தரேன்."

விச்சு அதற்குமேல் அங்கே நின்றிருந்தால் மிலிட்டரி டாங்கை எடுத்துத் தெப்பக்குளத்தில் போட்டிருப்பான். மாடி ஏறினான்.

அம்மா அடுப்படியில் தரையில் உட்கார்ந்து பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். கீழ்வீட்டுப் பாட்டு ஜன்னல் வழியாகத் தெளிவாகக் கேட்டது. மாத்திரையால் அவள் விரல்கள் லேசாக நடுங்கும், அதனால் மெதுவாக நறுக்குவாள். புடவை கட்டில்மேல் வைத்தபடியே இருந்தது.

"அந்த எடத்துல சுருதி எறங்கித்து, கேட்டியோ?" என்றாள், நிமிராமல். "போன வருஷமே அபயத்துக்கிட்ட சொன்னேன், அழிச்சுடு, வேற பாடித் தரேன்னு."

"அம்மா, அவாளா முடிவு பண்ணலை. அப்பாதான் ஒவ்வொரு ஆத்துக்கும் போய்க் கூப்பிடாதீங்கோன்னு சொல்லியிருக்கார்."

கத்தி நின்றது. அம்மா நறுக்கிய பீன்ஸை ஒதுக்கி வைத்தாள். பிறகு எழுந்தாள். பட்டுப் புடவையைத் தொடவில்லை. கட்டியிருந்த நூல் புடவையோடு, ஈரக் கையைத் தலைப்பில் துடைத்துக்கொண்டு படி இறங்கினாள். விச்சு பின்னாலேயே ஓடினான்.

அவள் உள்ளே நுழைந்ததும் ஒரு மாமி தன் பேத்தியை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள். அம்மா அதைப் பார்த்தாள், பார்த்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. நேராக மணைக்குப் போய்க் குனிந்து பொத்தானை அழுத்தினாள். பல்லவி பாதியில் நின்றது. கேசட்டை வெளியே எடுத்துத் தலைப்பில் முடிந்துகொண்டாள்.

"ஆனந்தி..." அபயாம்பாள் மாமிக்கு அழுகை வரும்போல இருந்தது. "வந்துட்டியே, அதுவே போதும். உக்காரு. நீயே பாடேன். ஒண்ணே ஒண்ணு."

"பாடறேனே" என்றாள் அம்மா. "ஆத்துக்குப் போய்ப் பாடி, பார்சல்ல அனுப்பறேன். நீ ரெஸ்ட் எடுத்துக்கோ."

அவர்கள் மாடி ஏறும்போது கம்பெனி பஸ் வந்து நின்றது. அப்பா சாம்பல் நிறச் சீருடையோடு வீட்டுக்குள் வந்தார், செருப்பைக் கழற்றினார், வழக்கப்படி டிவியைப் போட்டார். விச்சு போய் பிளக்கைப் பிடுங்கினான்.

"என்னடா இது?"

"அம்மா பாட்டு இன்னிக்குக் கீழாத்துல ஓடித்து. கேசட்ல. மணை போட்டு உக்கார வெச்சிருந்தா. உங்க ஏற்பாடு நன்னா வொர்க் ஆறதுப்பா. அம்மா இல்லாமலே அம்மா பாடறா, சத்தம் ஜாஸ்தியானாக் குறைச்சுக்கலாம்."

அப்பா அம்மாவைப் பார்த்தார். அம்மா சுவரில் சாய்ந்து நின்றிருந்தாள்.

"அவளுக்கு நல்லதுக்குத்தான் பண்ணினேன்" என்றார். "கூப்பிட்டாப் பாடச் சொல்லுவா. பாட ஆரம்பிச்சு... அன்னிக்கு மாதிரி நிறுத்தாமப் போயிட்டா? எல்லார் முன்னாடியும்? உனக்கென்ன தெரியும், நான் தினமும் அவா கூடத்தான் வேலை பார்க்கணும்."

கோவிந்தராஜனுக்குக் கம்பெனியில் தரப் பரிசோதனை வேலை. சரியான பாகத்துக்குப் பச்சைச் சீட்டு, உதவாததற்குச் சிவப்பு, சரிசெய்து திரும்ப வரவேண்டியதற்கு மஞ்சள்.

"உங்க ஃபேக்டரில மஞ்சள் சீட்டு போட்டது சரியாகித் திரும்பி வந்தா என்ன பண்ணுவேள்? பச்சை ஒட்டி வண்டியில மாட்டிடறேள். யாரும் அதைப் பார்த்து திருச்சியில மழையான்னு கேக்கறதில்லை. ஆத்துல மட்டும்..."

"என்னை கியர் பாக்ஸோட சேர்க்காதேடா" என்றாள் அம்மா.

விச்சு நிறுத்தவில்லை. ஜூலையிலிருந்து தொண்டையிலேயே வைத்திருந்தது வெளியே வந்துவிட்டது. "அன்னிக்கு நீங்க பஸ்ஸுலதானேப்பா இருந்தேள்? மூணாவது சீட். ஜன்னலோரம். டிரைவர் வண்டியை நிறுத்தி வெச்சு, 'சாஹேப், உதர்னா ஹை க்யா?' எறங்கணுமான்னு கேட்டான். எனக்குக் கேட்டுது. நீங்க எறங்கலை. 'சலோ'ன்னேள். பஸ் போயிடுத்து. அம்மா மேல நின்னுண்டிருக்கா, நீங்க கியர் பாக்ஸுக்குச் சீட்டு ஒட்டப் போயிட்டேள்!"

சொன்ன பிறகுதான் அம்மா அங்கே நிற்பது அவனுக்கு உறைத்தது. அவளுக்குத் தெரியக்கூடாது என்று இத்தனை நாள் அவன் காத்துவந்தது அது ஒன்றைத்தான்.

"தெரியும்டா" என்றாள் அம்மா. "தொட்டி மேலேந்து பஸ் நன்னாத் தெரிஞ்சுது."

அப்பா சோபாவில் உட்கார்ந்தார்.  மைதானத்தில் மைக்குக்காரன் மறுபடி ஹலோ என்றான்.

"நிறுத்த மாட்டேன்னு பயந்தேளே" என்றாள் அம்மா. "நிறுத்தினேனே? விச்சு வந்து கையைப் பிடிச்சான், நிறுத்தினேன். யாராவது வந்து கையைப் பிடிப்பாளான்னுதான் அத்தனை பாட்டும் பாடினேனோ என்னவோ, எனக்கே தெரியலை. பஸ் கிளம்பினப்பறம் இன்னும் சத்தமாப் பாடினேன். அது மட்டும் ஞாபகம் இருக்கு."

"ஆனந்தி, நான்..."

"இப்போ அதெல்லாம் வேண்டாம்." அவள் உள்ளே போனாள். சாமி அலமாரியிலிருந்து வெள்ளிக் குங்குமச் சிமிழை எடுத்து வந்து அவர்முன் நீட்டினாள். "விச்சு, நீ வந்து பரண்லேந்து பொம்மைப் பெட்டியை இறக்கு. நவராத்திரி நடுவுல கொலு வெச்சாத் தப்பு ஒண்ணும் இல்லை. இந்தாங்கோ, நீங்க எந்தெந்த ஆத்துக்குப் போய்க் கூப்பிடாதீங்கோன்னு சொன்னேளோ, அந்தந்த ஆத்துக்குப் போய் நாளைக்கு நம்மாத்துக்கு வரச் சொல்லிட்டு வாங்கோ. நான் பாடறேன்னு சொல்லுங்கோ. எங்கே இருந்தேன்னும் சொல்லுங்கோ."

"ஆம்பளை போய்க் குங்குமம் கொடுத்துக் கூப்பிடறதாவது? சிரிப்பா."

"கூப்பிடாதீங்கோன்னு சொல்லறதுக்கு ஆம்பளை போகலையா? அப்போ யார் சிரிச்சா?"

அப்பா சிமிழைப் பார்த்தார், அது சீட்டு ஒட்ட முடியாத ஏதோ பாகம் என்பதுபோல. பிறகு வாங்கிக்கொண்டார். சீருடையை மாற்றக்கூட இல்லை. பெட்டி இறக்கும் வேலையைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விச்சு பின்னாலேயே போனான். துணைக்கு அல்ல. பாதிப் படியில் அவர் திரும்பிவிடாமல் பார்த்துக்கொள்ள.

முதல் மாடியில் அப்பாவின் விரல் பெல்லுக்கு அருகில் போய்விட்டுத் திரும்பியது. விச்சு அழுத்தினான். சந்தானம் மாமா கதவைத் திறந்தார், பின்னால் மாமி. இன்னும் கலையாத ஜமக்காளம் மொத்தமும் வாசலைப் பார்த்தது.

"சௌக்கியமா?" என்றார் அப்பா.

காலையில் ஒரே பஸ்ஸில் போய்விட்டு வந்தவரிடம் சௌக்கியம் கேட்பதை மாமா கவனிக்காதமாதிரி இருந்தார். சிமிழைப் பார்த்தார், சீருடையைப் பார்த்தார், எதுவோ விபரீதம் என்று புரிந்துகொண்டார். அவர் நல்ல மனிதர். உடனே காப்பாற்ற முன்வந்தார்.

"என்ன சார், ஊர்லேந்து ஃபோன் கீன் வந்துதா? திருச்சியில ஏக மழையாமே?"

தப்பிக்க வழி திறந்து கிடந்தது. ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், எல்லோரும் சேர்ந்து மழையில் நனைந்துவிட்டு அவரவர் வீட்டுக்குப் போய்விடலாம். விச்சு அப்பாவின் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தான். மேல் மாடியில் அம்மா ஆரம்பித்துவிட்டாள். போன வருஷம் சுருதி இறங்கிய அதே இடத்தை எடுத்துப் பாடினாள். இந்த முறை இறங்கவில்லை. மாடிப்படி முழுக்கக் குரல் வழிந்தது. வரி முடிந்ததும் நிறுத்தினாள்.

அப்பா அதற்காகவே காத்திருந்தவர்போல மூச்சு விட்டார்.

"மழை பெய்யறதான்னு எனக்குத் தெரியாது சார்" என்றார். "அவ திருச்சிக்குப் போகவே இல்லை. மனசு சரியில்லாம இங்கே ஆஸ்பத்திரியில இருந்தா. நான்தான் மாத்திச் சொன்னேன். நாளைக்கு எங்காத்துக்கு வரணும். அவ பாடறா."

 அப்பா சிமிழைத் திறந்து நீட்டினார்.  குங்குமம் கொஞ்சம் மாமாவின் கால் மிதியில் சிந்தியது. மாமி விரலை நீட்டவா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டே நின்றாள்.

யோசிக்கட்டும் என்று விட்டுவிட்டு, விச்சு எதிர்வீட்டு பெல்லை அழுத்தினான்.